சமையல் மேடைக்கு எந்தக் கல் தாங்கும்?

கேள்வி: ஸ்ரீரங்கத்தில் உள்ள எங்கள் வீட்டுச் சமையலறையை இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு புதுப்பிக்கப் போகிறோம். இப்போது இருப்பது கடப்பா கல் மேடை. அடுப்புக்குப் பக்கத்தில் மெருகு போய் வெளுத்துவிட்டது. சிங்க் ஓரத்தில் ஒரு விரிசலும் விழுந்திருக்கிறது. மகள் வெள்ளை நிறக் குவார்ட்ஸ் போடச் சொல்கிறாள். கடைக்காரர் நானோ ஒயிட்டைக் காட்டி, கறையே பிடிக்காது என்கிறார். கொத்தனாரோ கறுப்பு கிரானைட்டைத் தவிர வேறு எதையும் போட வேண்டாம் என்கிறார். எங்கள் வீட்டில் வாரத்துக்கு இரண்டு முறை கிரைண்டர் ஓடும். இரும்பு தோசைக்கல்லை அடுப்பிலிருந்து எடுத்து அப்படியே மேடையில் வைப்பது என் மாமியாரின் வழக்கம். மேடையில் வெட்டிப் பதிக்கும் அடுப்பும் வாங்கலாம் என்றிருக்கிறோம். இன்னும் இருபது ஆண்டுகளுக்குக் கவலையில்லாமல் இருக்க எதைப் போடலாம்? பழைய கல்லை என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

நான் உங்கள் கொத்தனார் பக்கம்தான். நீங்கள் சொல்லியிருக்கும் சமையலுக்கும் பழக்கங்களுக்கும், 20 மி.மீ. கனமுள்ள நல்ல கறுப்பு கிரானைட்டே ஏற்றது. ஆனால், கல்லின் பெயரை முடிவு செய்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம். நான் பார்த்த உடைந்த மேடைகளில் பெரும்பாலானவை கல் மோசமாக இருந்ததால் உடைந்தவை அல்ல. அடுப்புக்கும் சிங்குக்கும் வெட்டிய இடத்திலோ, கீழே சரியான தாங்கல் இல்லாத இடத்திலோ விட்டுப்போனவை. உங்கள் மேடையின் விரிசலும் சிங்க் ஓரத்தில்தான் விழுந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஆகவே கல்லைப் பற்றிச் சொல்லிவிட்டு அந்த வெட்டு விஷயத்துக்கும் வருகிறேன். எனக்கு அது கல்லைவிட முக்கியமாகப் படுகிறது.

முதலில், இப்போது இருக்கும் கடப்பா கல் ஏன் வெளுத்தது என்று பார்ப்போம். கடப்பா கல் என்பது சுண்ணாம்புக்கல். அதில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். புளியில் டார்டாரிக் அமிலமும், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலமும், தயிரிலும் புளித்த மாவிலும் லாக்டிக் அமிலமும் இருக்கின்றன. சுண்ணாம்புக்கல்லின் மேல் இவற்றில் எது சிந்தினாலும், அது துடைக்கப்படும்வரை கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டே இருக்கும். உங்கள் அடுப்போரத்தில் நீங்கள் பார்க்கும் வெளுப்பு அழுக்கு அல்ல, மெருகு கரைந்துபோன தடம். அதனால்தான் எவ்வளவு தேய்த்தாலும் போவதில்லை. எலுமிச்சைத் தோலைக் கொண்டு தேய்த்தால் இன்னும் கூடத்தான் செய்யும். சலவைக்கல்லும் இதே இனம்தான். பால் வெள்ளையாக, பார்க்க அழகாக இருந்தாலும், ரசமும் புளிக்குழம்பும் அன்றாடம் கொதிக்கும் வீட்டுச் சமையல் மேடைக்கு அதை நான் ஒருபோதும் சொல்வதில்லை.

கிரானைட்டுக்கு இந்தக் கவலை இல்லை. அதில் உள்ள குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் என்ற கனிமங்கள் வீட்டில் புழங்கும் புளிப்புக்கு அசைந்து கொடுப்பவை அல்ல. கத்திக் கீறலுக்கும் பெரும்பாலும் இடம் தருவதில்லை. எண் கூடக் கடினம் கூடும் மோஸ் அளவுகோலில் கத்தி எஃகின் கடினம் சுமார் 5.5 என்றால், ஃபெல்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7. கடப்பா கல்லும் சலவைக்கல்லும் 3 என்ற இடத்தில் நிற்கின்றன. ஆனால் கிரானைட்டுக்கு வேறொரு பலவீனம் உண்டு. அது நுண்துளை. கிரானைட் என்ற ஒரே பெயரில் கடையில் விற்கும் கற்கள் எல்லாம் ஒரே அளவு நீரையும் எண்ணெயையும் குடிப்பதில்லை.

இதை நான் என் சொந்த வீட்டிலேயே பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன், வெளிச்சமாக இருக்கட்டும் என்று என் வீட்டு மேடைக்குக் காஷ்மீர் ஒயிட் போட்டேன். பெயர்தான் காஷ்மீர், கல் நம் மதுரைப் பக்கத்தில் வெட்டி எடுக்கப்படுவது. வெளிர் நிறத்தில் சிவந்த புள்ளிகள் தெளித்ததுபோல், கண்ணுக்கு மிகவும் இதமான கல். ஆறே மாதத்தில் எண்ணெய்த் தூக்கு வைக்கும் இடத்தில் வட்டமாக ஒரு கருந்தடம் வந்துவிட்டது. தாளிக்கும்போது தெறித்த மஞ்சள் கறை, ஜன்னல் வெயில் பட்டு நாளடைவில் மங்கிப் போனது. மஞ்சளின் நிறம் வெயிலுக்கு நிற்காது. எண்ணெய் மட்டும் கல்லுக்குள் இறங்கி அங்கேயே தங்கிவிட்டது. கல் ஒட்டியவர் சாதாரண சாம்பல் நிறச் சிமென்ட் பாலையே ஊற்றியிருந்ததால், அடியிலிருந்து ஏறிய ஈரமும் ஆங்காங்கே திட்டுத் திட்டாகத் தெரிந்தது. அந்தத் தவறு என்னுடையது. வெளிர் கல்லுக்கு வெள்ளைச் சிமென்ட்டோ வெள்ளை நிற ஒட்டுக்கலவையோதான் வேண்டும் என்று அருகில் நின்று சொல்லியிருக்க வேண்டும். வெளிர் கிரானைட்டைப் போட்டே தீருவேன் என்பவர்கள், ஒட்டிய பிறகு கல் நன்கு உலரும்வரை பொறுத்திருந்து, நுண்துளைகளை அடைக்கும் சீலர் பூச வேண்டும். பிறகும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் அதைப் புதுப்பிக்க வேண்டும். அதைச் செய்யும் பொறுமை நம் வீடுகளில் முதல் இரண்டு ஆண்டுகளோடு தீர்ந்துவிடுகிறது என்பதே என் அனுபவம்.

கறுப்பு கிரானைட் என்று நாம் சொல்வது, கல்லியல்படி பார்த்தால் கிரானைட்டே அல்ல. டோலரைட், காப்ரோ என்ற இனங்களைச் சேர்ந்த, குவார்ட்ஸ் அநேகமாக இல்லாத, நெருக்கமான மணியுள்ள எரிமலைக் குழம்புக் கல் அது. விழுப்புரம் மாவட்டத்துக் குன்னத்திலிருந்து வருவதைக் குன்னம் பிளாக் என்று ஊர்ப் பெயராலேயே அழைக்கிறார்கள். ஆந்திரத்தின் சீமகுர்த்தியிலிருந்து வரும், பொன்னிறப் புள்ளிகள் மின்னும் பிளாக் கேலக்ஸியும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. மணி நெருக்கமாக இருப்பதால் இவை எண்ணெயையும் நீரையும் மிகக் குறைவாகவே உள்ளே விடுகின்றன. நல்ல கறுப்புக் கல்லுக்குப் பெரும்பாலும் சீலரே தேவைப்படுவதில்லை. கேலக்ஸிக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது அழகுக்காக மட்டும்தான். உறுதியில் அது குன்னம் கல்லை மிஞ்சுவதாக நான் கருதவில்லை.

ஆனால் கறுப்பாக இருப்பதெல்லாம் இந்தக் கல் அல்ல. சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயம் ஏற்றிக் கறுப்பு என்று விற்பதும் நடக்கிறது. அது இரண்டொரு ஆண்டுகளில், அதிகம் துடைக்கும் இடங்களில் வெளிறிப்போய் உண்மை நிறத்தைக் காட்டிவிடும். ஆகவே கடைக்குப் போகும்போது ஒரு வெள்ளைத் துணி, சிறு புட்டியில் பெயின்ட் தின்னர், ஓர் எலுமிச்சம்பழம், கொஞ்சம் தண்ணீர் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் விசித்திரமாகப் பார்ப்பார், பார்க்கட்டும். தின்னரில் நனைத்த துணியால் கல்லை அழுத்தித் துடைத்துப் பார்த்து, துணியில் கறுப்பு ஏறினால் அந்தக் கல்லை விட்டுவிடுங்கள். மெருகிட்ட பக்கத்தில் ஒரு கரண்டித் தண்ணீரை ஊற்றிக் கால் மணி நேரம் கழித்துத் துடைத்தால், ஈரம் குடித்த இடம் கருத்துத் தெரிகிறதா என்று பார்க்கலாம். நல்ல கல்லில் ஒன்றும் தெரியாது. ஒரு துண்டுக் கல்லைக் கேட்டு வாங்கி வந்து, அதில் எலுமிச்சைச் சாற்றை இரவு முழுவதும் விட்டுவைத்துக் காலையில் பளபளப்பு மங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு முழுக் கல்லின் மேலும் தண்ணீரைத் தெளித்து உலர விடச் சொல்லுங்கள். எல்லா இடமும் உலர்ந்த பிறகும் ஒரு மெல்லிய கோடு மட்டும் ஈரமாக நின்றால், அது கண்ணுக்குத் தெரியாத விரிசல். கல்லின் பின்பக்கம் வலை ஒட்டியிருந்தால், அது தானாக நிற்க வலுவில்லாத கல் என்று கொள்ளலாம், மேடைக்கு வேண்டாம்.

கனத்தையும் நீங்களே அளந்து பாருங்கள். 20 மி.மீ. என்று சொல்லிவிட்டு 16 மி.மீ. கல்லைத் தருவது இந்த வியாபாரத்தில் புதிதல்ல. நான்கு மூலைகளிலும் அளவு நாடாவை வைத்துப் பார்த்தால் போதும். மேடையின் அகலம் இரண்டடிதான் என்பதால், கேங் சா என்று சொல்லப்படும் பெரிய அளவுக் கல்லை வாங்கிப் பாதியை வீணாக்க வேண்டியதில்லை. கட்டர் அளவு என்ற குறுகிய கற்களிலேயே உங்களுக்குத் தேவையானது கிடைக்கும், விலையும் குறைவு. எல்லாத் துண்டுகளும் ஒரே பாறையில் அறுத்தவையா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் மகள் விரும்பும் குவார்ட்ஸ். இது இயற்கைக் கல் அல்ல. வழக்கமாக எடையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு குவார்ட்ஸ் தூளும் துகளும், மீதி பாலியெஸ்டர் ரெசின் என்ற செயற்கைப் பிசினும் நிறமியும் சேர்த்து, காற்றை நீக்கி அழுத்திச் செய்த பலகை. நுண்துளை இல்லாதது, சீலர் வேண்டாதது, ஒரே சீரான நிறம் கொண்டது. இந்த நற்குணங்கள் உண்மையானவைதான். வெள்ளை மேடைதான் வேண்டும் என்றால், வெளிர் கிரானைட்டைவிட அது பல வகையிலும் மேல். ஆனால் அதைப் பிணைத்து வைத்திருக்கும் ரெசின் சுமார் 150 டிகிரி செல்சியஸுக்கு மேல் தாங்குவதில்லை. தோசை வார்த்த இரும்புக் கல் 200 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டியிருக்கும். அதை அப்படியே இறக்கி வைத்தால் முதல் நாளே ஒன்றும் ஆகாமல் போகலாம். ஆனால் ஒரு நாள் மஞ்சளாக ஒரு வட்டத் தடமோ, திடீரென ஒரு வெடிப்போ வரும். அந்தத் தடத்தைப் போக்க வழி கிடையாது. பல நிறுவனங்கள் சூட்டினால் ஏற்படும் சேதத்தை உத்தரவாதத்திலிருந்தே விலக்கிவிடுகின்றன. வாங்கும்முன் அந்தத் தாளைப் படித்துப் பாருங்கள். நேர் வெயில் விழும் ஜன்னலோரமாக இருந்தால் வெள்ளை ரெசின் நாளடைவில் பழுப்பேறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாமியாரின் பழக்கத்தை மாற்றச் சொல்வதைவிட, அந்தப் பழக்கத்தைத் தாங்கும் மேடையை அமைப்பது எளிது என்று நினைக்கிறேன்.

குவார்ட்ஸைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டில் பதித்து முடித்த பலகையால் உங்களுக்கு எந்தத் தீங்கும் இல்லை. ஆனால் அதை வெட்டி மெருகிடும்போது பறக்கும் சிலிக்காத் தூள், அதாவது குவார்ட்ஸின் நுண்தூள், வேலையாட்களின் நுரையீரலைக் கெடுத்து, குணப்படுத்த முடியாத சிலிக்கோசிஸ் நோயைத் தருகிறது. இதனாலேயே ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இவ்வகைச் செயற்கைக் கற்பலகையைத் தடை செய்தது. இயற்கைக் கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு, அளவு குறைவு. கறுப்புக் கல்லில் இன்னும் குறைவு. எதை வாங்கினாலும், வெட்டும் வேலையைக் கூடியவரை பட்டறையிலேயே தண்ணீர் விட்டுச் செய்யச் சொல்லுங்கள். வீட்டுக்குள் உலர்ந்த கல்லை மெஷின் வைத்து அறுத்தால், அந்தத் தூளை அவர்களோடு சேர்ந்து உங்கள் வீட்டாரும் சுவாசிப்பீர்கள்.

கடைக்காரர் சொல்லும் நானோ ஒயிட் உயர் வெப்பத்தில் கண்ணாடித் துகள்களை இணைத்துப் படிகமாக்கிய பலகை. கறை பிடிக்காது என்று அவர் சொன்னது ஏறக்குறையச் சரியே. சொல்லாமல் விட்டது, அது கண்ணாடியின் குணத்தையும் கொண்டது என்பதை. ஓரத்தில் குக்கர் இடித்தால் சில்லு பெயரும், திடீர்ச் சூட்டில் விரிசல் விடும், வெள்ளையில் அந்த விரிசல் கறுப்புக் கோடாகத் தெரியும், ஒட்டினாலும் மறையாது. பூஜை அறைக்கோ கைகழுவும் தொட்டி மேடைக்கோ போடுங்கள். சமையலுக்கு வேண்டாம்.

இப்போது குஜராத்தின் மோர்பியிலிருந்து 15 மி.மீ. கனத்தில் பெரிய பீங்கான் பலகைகளும் மேடைக்கென்றே வருகின்றன. சூட்டுக்கும் கறைக்கும் நன்றாகவே நிற்கும். உங்கள் மகள் வெள்ளைதான் வேண்டும் என்று விடாப்பிடியாக இருந்தால், இதையே பார்க்கச் சொல்வேன். ஆனால் இதை வெட்டவும் ஓரம் மெருகிடவும் பழகிய ஆள் வேண்டும், ஓரம் பெயர்ந்தால் திருத்துவது கடினம். அக்ரிலிக் பலகையில் இணைப்பே தெரியாது என்றாலும் சூடு ஆகாது. எவர்சில்வர் மேடை உணவகத்துக்கு ஏற்றது. வீட்டில் சத்தமும் கீறலும் பழக நாளாகும்.

அடுப்பு விஷயத்துக்கு வருகிறேன். மேடையில் வெட்டிப் பதிக்கும் அடுப்பை வாங்கலாமா என்று கேட்டால், இருபது ஆண்டுக் கணக்கில் நினைக்கும் உங்களுக்கு வேண்டாம் என்றே சொல்வேன். இரண்டடி அகலக் கல்லில் அடுப்புக்காகப் பெரிய சதுரத்தை வெட்டி எடுத்துவிட்டால், முன்னும் பின்னும் இரண்டரை அங்குலப் பட்டைகள் மட்டுமே மிஞ்சும். அந்தப் பட்டைக்கு ஒரு பக்கம் அடுப்பின் சூடு, மறுபக்கம் ஈரத்துணி. மேலே பெரிய பாத்திரங்களின் பாரம். விரிசல் தொடங்குவது பெரும்பாலும் வெட்டின் மூலையில்தான். மேலும், பத்தாண்டு கழித்து அடுப்பை மாற்றும்போது புதிய அடுப்பின் அளவு பழைய பள்ளத்துக்குப் பொருந்தாமல், நல்ல கல்லை அகற்ற வேண்டியதாகிவிடுகிறது. கல்லின் மேல் சாதாரணமாக வைக்கும் கண்ணாடி அடுப்பே போதும். அடியிலும் துடைக்க முடியும். கட்டாயம் பதித்தே ஆக வேண்டும் என்றால், மேடையின் அகலத்தை ஓர் அங்குலமாவது கூட்டுங்கள். மூலைகளில் முதலில் வட்டத் துளை போட்டுவிட்டுத் துளையிலிருந்து துளைக்கு அறுக்கச் சொல்லுங்கள். கூரான மூலை எங்கும் இருக்கக் கூடாது. முன்பட்டைக்கு அடியில் தாங்கல் வேண்டும். சிங்குக்கும் இதே விதிகள்தான். சிங்கை வெட்டாமல் முடியாது என்பதால் அங்கே கூடுதல் கவனம் தேவை. இரண்டு கற்கள் சேரும் இணைப்பு ஒருபோதும் சிங்க் பள்ளத்தின் மேல் வரக் கூடாது.

கீழே என்ன இருக்கிறது என்பதும் சமமாக முக்கியம். 20 மி.மீ. கறுப்புக் கல் சதுர அடிக்கு ஏறத்தாழ ஐந்தரை கிலோ வரும். பத்தடி நீளம், இரண்டடி அகலமுள்ள மேடையின் எடை மட்டுமே நூறு கிலோவைத் தாண்டும். அதன்மேல் கிரைண்டர், குடங்கள், பாத்திரங்கள். பழைய முறைப்படி செங்கல் தடுப்புச் சுவரின் மேல் கான்கிரீட் பலகையோ கடப்பா பலகையோ போட்டு அதன்மேல் கிரானைட்டை ஒட்டினால் ஒரு தலைமுறைக்குப் பார்க்க வேண்டியதில்லை. மாடுலர் அலமாரிகளின் மேல் நேரடியாகக் கல்லை வைப்பதானால், அலமாரியின் பலகை ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள கொதிநீர் தாங்கும் பிளைவுட்டாக இருக்கட்டும்; துகள் பலகை ஈரம் பட்டு ஊதினால், கல்லின் அடித்தளமே இறங்கிவிடும். கிரைண்டரை எப்போதும் தடுப்புச் சுவருக்கு நேர் மேலே, ரப்பர் விரிப்பின் மீது வையுங்கள். சுவருக்கு வெளியே நீட்டிய பகுதி தாங்கல் இல்லாமல் ஆறு அங்குலத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓரத்தை அரைவட்டமாக மெருகிடச் சொல்லுங்கள். கூர்மையான ஓரம் பார்க்க நவீனமாக இருக்கும், குக்கர் மோதினால் பெயரும். அரைவட்டத்துக்கு அடியில் நீளவாட்டில் ஒரு மெல்லிய பள்ளம் கீறிவிட்டால், வழியும் நீர் அலமாரிக் கதவில் இறங்காமல் அங்கேயே சொட்டிவிடும். அலமாரியின் ஆயுளைக் கூட்டும் இந்தப் பள்ளத்தை நாம் கேட்காவிட்டால் யாரும் போடுவதில்லை. மேடை விளிம்பில் தேங்காய் உடைக்கும் பழக்கம் மட்டும் எந்தக் கல்லுக்கும் ஆகாது என்பதை மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

பராமரிப்பு எளிது. பாத்திரம் கழுவும் திரவத்தில் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றிவிட்டால் போதும். கறுப்புக் கல்லுக்கு உள்ள ஒரே தொந்தரவு, ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிவது. அதற்குத் தண்ணீர் கலந்த வினிகரைத் தொட்டுத் துடைத்து உடனே கழுவலாம், ஊறவிடக் கூடாது. புள்ளி தெரியாமல் இருக்க வேண்டுமானால், பளபளப்பு இல்லாத லெதர் ஃபினிஷ் கேளுங்கள். கழிவறைக்கு வைத்திருக்கும் ஆசிட்டை எந்த மேடையிலும் ஊற்ற வேண்டாம். எண்ணெய்த் தடம் எங்காவது ஏறிவிட்டால், ஆப்ப சோடாவைத் தண்ணீரில் குழைத்து அதன்மேல் கனமாகப் பூசி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் வைத்து எடுங்கள். தேவையானால் மீண்டும் ஒரு முறை.

பழைய கடப்பா கல்லை எறிந்துவிட வேண்டாம். விரிசல் விழுந்த சிங்க் பகுதியை மட்டும் வெட்டிக் கழித்துவிட்டு, மீதியைப் புரட்டிப் போட்டால் அடிப்பக்கம் புதிதுபோல் இருக்கும். கிரானைட்டுக்கு அடியில் வரும் தாங்கு பலகையாக அதையே வைக்கலாம். நீளம் போதாவிட்டால், சமையலறையின் உள் அலமாரித் தட்டுகளுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். மளிகை டப்பாக்களில் புளிப்பு சிந்துவதில்லை என்பதால் அங்கே அதன் மெருகுக்கு ஒன்றும் ஆகாது. கொத்தனார் வேலையைத் தொடங்கும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். இடிக்கும்போது கடப்பாரையால் நெம்பாமல், கலவையை உளியால் தட்டி எடுத்துக் கல்லை முழுதாக இறக்க அவருக்கு ஒரு நாள் கூடுதலாக ஆகும்.